கீலக வருடத்துப் பழி

மியூனிக்
12 அக்டோபர் 1969

நாகலட்சுமிக்கு,

உன் நலத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. விமானம் ஏறும்வரை உன்னிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். நீ செய்த காரியத்தால் என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியவேண்டும் என்பதற்காக மட்டும் இதை எழுதுகிறேன்.

திருக்கடையூரில் மணையில் உட்காரவைத்து, குடம் குடமாகத் தலையில் தண்ணீர் கொட்டி, மறுபடியும் உன் கழுத்தில் தாலி கட்டவைத்தீர்கள். அறுபதாம் கல்யாணம் ஊரில் எல்லோரும் செய்வதுதான், தொலையட்டும் என்று தலையாட்டினேன். ஆனால் மஞ்சள் தடவிய அந்தப் பத்திரிகையை எங்கள் இயக்குநர் சேஷாத்ரிக்கு யார் அனுப்பச் சொன்னது? ‘கீலக வருடத்தில் பிறந்து, கீலகம் திரும்பி வரும் இவ்வாண்டில் அறுபது நிறையும்’ என்று கொட்டை எழுத்தில் போட்ட பத்திரிகை! பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது என் அப்பா நான்கு வயதைக் குறைத்துச் சொன்னார். என் தலைமுறையில் பாதிப் பேருக்கு அப்படித்தான். முப்பத்தைந்து வருடம் ஆய்வுக்கூடத்தில் அந்த வயதோடுதான் வேலை பார்த்தேன். ஏட்டின்படி ஐம்பத்தாறு, துணை இயக்குநர் பதவிக்கு முதல் ஆள். பத்திரிகை போய்ச் சேர்ந்தது. ‘ஜாதகத்தக் கொண்டாங்க உமாபதி’ என்றார் சேஷாத்ரி. ஓய்வு வயது தாண்டிவிட்டது என்று இரண்டே மாதத்தில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் பத்து மாதம் உன் சமையலறைக்கு எதிரே ஒரு நாற்காலியில் கிடந்தேன். ‘இனிமே என்ன, காசிக்குப் போவோம், ராமேஸ்வரம் போவோம்’ என்று நீ முகம் மலரப் பட்டியல் போட்டதை உயிருள்ளவரை மறக்கமாட்டேன்.

இங்கே பேராசிரியர் விங்க்லர் தம் சாய ஆய்வுப் பிரிவில் எனக்கு இடம் கொடுத்திருக்கிறார். நம் வீட்டுக்கு வந்து ஒன்பது இட்லி சாப்பிட்டாரே, அவர்தான். பாஸ்போர்ட்டில் 1912. ஆக எனக்கு ஐம்பத்தேழு. இந்த நாட்டில் அறுபத்தைந்துவரை வேலை பார்க்கலாம். நகரம் பூராவும் சுரங்க ரயிலுக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், அந்தப் பள்ளங்களுக்கு நடுவே சைக்கிளில் போய் வருகிறேன். மாலையில் ஜெர்மன் வகுப்பு. பக்கத்து இருக்கைப் பையனுக்கு இருபத்திரண்டு வயது, அவனைவிட நான் முன்னால் இருக்கிறேன்.

உன்னை இங்கே அழைத்துக்கொள்ளப் போவதில்லை. நீ கிழவியாகத்தானே ஆசைப்பட்டாய்? தனியாக ஆகிக்கொள். அதுதான் உனக்குத் தண்டனை.

உமாபதி


சென்னை
2 நவம்பர் 1969

அத்தானுக்கு,

தபால்காரர் கடிதத்தைக் கொடுத்தபோது கூடத்தில் அக்கம்பக்கத்தார் நான்கு பேர் இருந்தார்கள். ‘என்ன எழுதியிருக்கார்?’ என்று கேட்டார்கள். ‘சைக்கிள் ஓட்டறாராம்’ என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். மற்றதைச் சொல்லவில்லை. உங்கள் மானத்தைக் காப்பாற்றும் பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை.

பத்திரிகை விஷயத்துக்கு வருகிறேன். இருநூற்றைம்பது உறைகளுக்கு விலாசம் எழுதியது யார்? நான். நீங்கள் வழக்கம்போல ஆய்வுக்கூடத்தில் சாயம் கலக்கிக்கொண்டிருந்தீர்கள். வேலை பார்க்கும் இடத்துப் பெரியவருக்குப் பத்திரிகை வைக்காமல் எந்த வீட்டில் விசேஷம் செய்கிறார்கள்? வைத்தேன். ஆபீசில் உங்களுக்கு வேறு ஒரு வயது இருக்கிறது என்று முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னிடம் வாயைத் திறந்திருக்கிறீர்களா? கட்டிய பெண்டாட்டிக்கு ஒரு வயது, சர்க்காருக்கு ஒரு வயது. இப்போது ஜெர்மன்காரனுக்கும் அதே கதை. நன்றாக இருங்கள்.

தண்டனை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கறுப்புக் காரின் முன் இருக்கையில் என்னை நீங்கள் உட்காரவிட்டதே இல்லை, வளையல் பட்டால் கதவில் கீறல் விழுமாம். அந்தக் காரை இப்போது நான் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். சொல்லித்தர வாசுதேவன் என்று ஒருவர் வருகிறார். முதல் நாள், ‘அம்பத்திநாலு வயசுல எதுக்கும்மா உங்களுக்கு இதெல்லாம்?’ என்றார். ‘ஒருத்தருக்கு வயிறெரியணும், அதுக்குத்தான்’ என்றேன். அன்று முதல் அக்கறையாகச் சொல்லித்தருகிறார். இடது பக்கக் கதவில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது. வளையலால் இல்லை, மாட்டு வண்டியால்.

நாகலட்சுமி


மியூனிக்
20 பிப்ரவரி 1970

நாகலட்சுமிக்கு,

போட்டோ இணைத்திருக்கிறேன். நடுவில் காகிதத் தொப்பி வைத்துக்கொண்டு நிற்பது நான். தலைமயிர் கறுப்பாக இருக்கிறதே என்று திகைக்காதே, நானே கலந்த சாயம், மூன்று மாதம் நிற்கும். பக்கத்தில் என் கையைப் பிடித்திருப்பவர் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி ஃப்ராவ் ஹூபர். விதவை, அறுபத்திரண்டு வயது. இங்கே பிப்ரவரியில் ஒரு திருவிழா, வேஷம் போட்டுக்கொண்டு ஊரே ஆடும். நானும் ஆடினேன். ‘உங்களுக்கு ஐம்பதுகூட இருக்காது’ என்றார் அந்த அம்மாள். அவர் பாட்டுக்குழுவில் பாடுகிறார், மலை ஏறுகிறார், ஞாயிறுதோறும் ஏரியில் படகு வலிக்கிறார். உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கை கேட்பதில்லை. யாரைக் குத்திக்காட்டுகிறேன் என்று உனக்குப் புரியும்.

நீ காரை ஓட்டுகிறாய் என்பதை நான் நம்பவில்லை. தெருவைக் கடக்கவே என் சட்டையைப் பிடித்துக்கொள்பவள் நீ. உனக்கு என்றைக்காவது எதிலாவது ஆசை இருந்ததா? எனக்கு வேலை என்றால் உயிர். அறுபதிலும் காலையில் எழுந்தால் இன்று என்ன நிறம் கிடைக்கும் என்று மனசு பரபரக்கிறது. உனக்கு அது புரியாது. புரிந்திருந்தால், தெரியாமல்கூட அப்படி ஒரு காரியத்தைச் செய்திருக்கமாட்டாய்.

உமாபதி


சென்னை
11 மார்ச் 1970

உமாபதி அவர்களுக்கு,

ஆமாம், பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

எனக்கு என்றைக்காவது எதிலாவது ஆசை இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இதைத் திருச்சியிலிருந்து வந்த களைப்போடு எழுதுகிறேன். நேற்று நம் பெண் வத்சலா வீட்டிலிருந்து இருநூறு மைல் தனியாகக் காரை ஓட்டி வந்தேன். அது கிடக்கட்டும்.

1955இல் நான் வித்துவான் தேர்வு எழுதித் தேறினேன். அடுப்பில் உலை கொதிக்கும்போது மடியில் புத்தகம் வைத்துப் படித்த படிப்பு. பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை வேலைக்கு நேரில் போய்ப் பாடம் நடத்திக் காட்டினேன். தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘ஜூன் மாசம் வந்துடுங்க’ என்றார். ஜூன் வந்தது, உத்தரவு வரவில்லை. என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பள்ளி வாசல் வழியாகப் போக வெட்கப்பட்டுக்கொண்டு பதின்மூன்று வருடம் அடுத்த தெருவைச் சுற்றிக் கோயிலுக்குப் போனேன்.

அறுபதாம் கல்யாணத்துக்கு உறை எழுதும்போது விலாசப் புத்தகம் தேடி உங்கள் அலமாரியைத் திறந்தேன். எந்தக் கடிதம் எழுதினாலும் கார்பன் வைத்து நகல் எடுத்து அடுக்கிவைப்பீர்களே, அந்தக் கட்டில் ஒன்று அந்தப் பள்ளிக்கு. ‘என் மனைவிக்கு நாற்பது வயதாகிறது. புதிதாக வேலை கற்கும் வயது கடந்துவிட்டது. உடல்நிலையும் இடம் தரவில்லை. பெயரை நீக்கிவிடக் கோருகிறேன்.’ கீழே உங்கள் அழகான கையெழுத்து. எனக்கு என்ன உடம்பு? ஒரு தலைவலிக்குக்கூட அதுவரை நான் படுத்ததில்லை!

அதே தட்டில் உங்கள் பள்ளிச் சான்றிதழும் இருந்தது. 1912. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் உட்கார்ந்து, முதல் உறையில் சேஷாத்ரி பெயரைத்தான் எழுதினேன். தெரியாமல் இல்லை. தெரிந்து. தபால் பெட்டிவரை நானே நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். மாலையோடு நீங்கள் வீட்டுக்கு வந்த அன்று பாயசம் வைத்தேன், ஞாபகம் இருக்கிறதா?

வயதைச் சொல்லி என் வேலையைக் கெடுத்தீர்கள். வயதைச் சொல்லி உங்கள் வேலையைக் கெடுத்தேன்.

நாகலட்சுமி


மியூனிக்
3 ஏப்ரல் 1970

கடிதம் கிடைத்தது.

1955இல் வத்சலாவுக்குப் பள்ளி இறுதிப் பரீட்சை. என் அம்மா வேறு படுத்த படுக்கை. வீட்டை யார் பார்ப்பது? நான் செய்ததில் தப்பில்லை. தப்பென்றே வைத்துக்கொண்டாலும் என் முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டும். பாயசம் வைத்தாளாம். அந்தப் பாயசத்தை நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தேன் என்பதை நினைத்தால் உடம்பெல்லாம் பற்றி எரிகிறது.

இனி எழுதமாட்டேன். நீயும் எழுதாதே.

உ.


சென்னை
9 ஜூன் 1972

அத்தானுக்கு,

எழுதாதே என்றீர்கள், இரண்டு வருடம் எழுதவில்லை. இப்போது காரியம் இருப்பதால் எழுதுகிறேன்.

உங்கள் படிப்பறையில் ஒன்றரை வருடம் ஒரு ஜெர்மன் பெண் உட்கார்ந்து தமிழ் படித்தாள். பெயர் உல்ரிக்கே. ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவள். யார் யாரிடமோ போய்ப் பார்த்துவிட்டு, கடைசியில் என்னிடம் வந்தாள். சங்கப் பாட்டு நடத்தினேன், வசனம் நடத்தினேன், மார்க்கெட்டில் கத்தரிக்காய் பேரம் பேசவும் பழக்கினேன். ஊருக்குத் திரும்பித் தன் பேராசிரியரோடு தமிழில் பேசியிருக்கிறாள். ‘இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?’ என்று அவர் கேட்டிருக்கிறார். இப்போது என்னையே கூப்பிடுகிறார்கள். மூன்று வருடம், பேச்சுத் தமிழும் இலக்கியமும் சொல்லித்தர. ஐம்பத்தேழு வயதாகிறது என்று முதல் வரியிலேயே எழுதினேன். அது பரவாயில்லை என்று எழுதிவிட்டார்கள்.

ராத்தூக்கம் இல்லை எனக்கு. பயத்தில் இல்லை. நாளைக்கே வகுப்பு இருப்பதுபோல ஒரு துடிப்பு.

பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டேன். அங்கே கிருஷ்ணமூர்த்தி என்று ஒருவர், ‘வீட்டுக்காரர் சம்மதம்னு ஒரு கடுதாசி வேணும்மா, இல்லேன்னா ஃபைல் நகராது’ என்கிறார். செப்டம்பருக்குள் வேண்டும். ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். உங்கள் வீட்டுப் பக்கம் வரமாட்டேன், பயப்படவேண்டாம்.

நாகலட்சுமி


மியூனிக்
2 ஜூலை 1972

நாகலட்சுமிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இரண்டு வருடமாக எப்படி உன் மூக்கை அறுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீயே கத்தியை என் கையில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாய்.

மாட்டேன். கையெழுத்துப் போடமாட்டேன். ஒரு வரியும் கிடையாது, அரை வரியும் கிடையாது. ஐம்பத்தேழு வயதில் குளிர் தேசத்தில் உனக்கு என்ன பாடம் வேண்டிக்கிடக்கிறது? பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு கிட.

இங்கே ஒலிம்பிக்ஸ் வரப்போகிறது, ஊரே கல்யாண வீடு மாதிரி. நான் தினமும் காலையில் இருபது தடவை குளத்தின் குறுக்கே நீந்துகிறேன். விங்க்லரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை அச்சாகிவிட்டது. இதெல்லாம் உனக்குத் தெரியட்டும்.

உமாபதி


சென்னை
14 ஜூலை 1972

அத்தானுக்கு,

உங்கள் ஜாதகம் என் மடியில் இருக்கிறது. கீலக வருடம், ஆவணி மாதம், உத்திரட்டாதி. உல்ரிக்கே ஊருக்குத் திரும்புமுன்பே அதை ஜெர்மனில் எழுதிக்கொடுத்துவிட்டாள். அறுபதாம் கல்யாணப் போட்டோவும் உண்டு, தலையில் தண்ணீர் வழிய நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் போட்டோ. விங்க்லர் விலாசம் எழுதி உறையும் தயார்.

எனக்கு அந்தத் தபால் பெட்டிக்கு வழி தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகஸ்ட் பதினைந்துவரை பார்ப்பேன்.

நா.


மியூனிக்
24 ஜூலை 1972

சம்மதக் கடிதம் இத்துடன் இருக்கிறது. இரண்டு பிரதி. பிரியத்தில் எழுதியது என்று நினைத்துவிடாதே, பயத்தில் எழுதியது. உன்னைப் போல ஒரு ராட்சசியை நான் பார்த்ததில்லை.

உமாபதி

பின்குறிப்பு: ஹைடல்பர்கில் அக்டோபரிலேயே குளிரும். கம்பளிக் காலுறை அங்கே கிடைப்பதுதான் நல்லது, சென்னையில் வாங்கிக் காசை வீணாக்காதே.


மியூனிக்
28 ஜனவரி 1973

நாகு,

நீ வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. நான்கு மணி நேர ரயில் தூரத்தில் இருந்துகொண்டு ஒரு கார்டுகூடப் போடவில்லை. பல்கலைக்கழக விலாசத்துக்கு உல்ரிக்கேக்கு எழுதிக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். உன் வகுப்பில் முதலில் ஆறு பேர், இப்போது பதினெட்டுப் பேராம். பனியில் செருப்புக் காலோடு நடந்து அவர்களைப் பயமுறுத்தினாயாம். படித்துவிட்டு எனக்குப் பொறாமையாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன்.

டிசம்பர் பதினெட்டாம் தேதி பனிக்கட்டியில் சைக்கிள் சறுக்கி விழுந்துவிட்டேன். இடுப்புக்குக் கீழே எலும்பு முறிவு. ஆணி வைத்துக் கட்டினார்கள். படம் பார்த்த டாக்டர், ‘பாஸ்போர்ட்டைவிட உங்கள் எலும்புக்கு வயது அதிகம்’ என்றார். சிரிப்பதற்குச் சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது அறைக்கு வந்துவிட்டேன். தினமும் நடக்கச் சொல்கிறார்கள். நான் நடப்பதில்லை. எழுந்து எங்கே போக? விங்க்லர் வந்து பார்த்தார். இடம் காத்திருக்கும் என்றார், வாய் அப்படிச் சொன்னாலும் கண் ஜன்னல் பக்கம் போயிற்று. தலைமயிர் முழுக்க வெளுத்துவிட்டது. சாயம் கலக்க மனசு இல்லை.

எனக்குப் போதும் நாகு. நீ ஜெயித்துவிட்டாய். வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடு. என்னை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடு. காசி, ராமேஸ்வரம், நீ சொல்கிற இடம் எல்லாம் போவோம். இத்தனை வயதுக்கு மேல் நமக்குள் என்ன சண்டை?

உமாபதி


ஹைடல்பர்க்
5 பிப்ரவரி 1973

அத்தான்,

கடிதத்தைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். பாட்டை நடத்திக்கொண்டே இருந்தேன், பாதியில் அழுதுவிட்டேன். பிள்ளைகள் பாட்டுக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேலையை விடமாட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காத்திருந்து ஏமாறாதீர்கள். நாற்பதில் தட்டிப் பறித்தது ஐம்பத்தேழில் கைக்கு வந்திருக்கிறது. உங்களுக்காக அதை விட்டுவிடும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை. காசிக்கும் வரமாட்டேன். அந்த ஆசை எனக்கு எப்போதோ போய்விட்டது.

நமக்குள் என்ன சண்டை என்று கேட்கிறீர்கள். எனக்கு இருக்கிறது. பதினெட்டு வருடம் பறிபோன கோபம், இன்னும் பாதிகூடத் தீரவில்லை. இந்த மூன்று மாதமும் தினமும் ஒன்று நினைத்துக்கொள்வேன், ஒரு நாள் மியூனிக்குக்குப் போய், நீச்சல் அடித்துவிட்டு மிடுக்காக வருகிற அந்த மனுஷன் எதிரே நின்று, என் சம்பளக் கவரைக் காட்டி, நான்கு வார்த்தை கேட்கவேண்டும் என்று. அதற்காகவே ஜெர்மனில்கூட இரண்டு வசவு கற்றுவைத்திருக்கிறேன். நீங்களானால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ‘ஜெயித்துவிட்டாய்’ என்கிறீர்கள். விழுந்து கிடக்கிற ஆளிடம் நான் எப்படிப் பழி வாங்குவது? இப்படி என்னை ஏமாற்றலாமா? சாயம் கலக்க மனசு இல்லையாம்! இந்த வார்த்தை உங்கள் கையிலிருந்து வந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பத்திரிகையை அனுப்பினேனே, அன்றைக்குக்கூட உங்களை இப்படி ஆக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

நேற்று ஃப்ராவ் ஹூபரோடு போனில் பேசினேன். என் ஜெர்மன் அவருக்குப் பாதி புரிந்தது, அவருடைய ஜெர்மன் எனக்குப் பாதி. படுக்கைக்கே சூப் கொண்டுபோய்க் கொடுப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். இதற்காகத்தான் காத்திருந்தவர்போல ‘சரி, சரி’ என்றார். இனிமேல் பசித்தால் கீழே இறங்கி வரவேண்டும், பன்னிரண்டு படி. எண்ணிச் சொன்னார். உங்கள் போட்டோவில் பார்த்ததைவிட நல்ல மாதிரியான பெண்மணி.

ஞாயிறு காலை எட்டு மணி வண்டியில் கிளம்புகிறேன். பகல் பன்னிரண்டரைக்குள் மியூனிக். ஆறு மணி நேரம் இருப்பேன், திங்கள் காலையில் எனக்கு வகுப்பு. இனி எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இதுதான், நான்கு வார்த்தை ஒரே நாளில் கேட்டு முடிக்கிற விஷயம் இல்லை.

உங்களைப் பார்க்க அறைக்கு வரமாட்டேன். ஸ்டேஷனுக்கு நீங்கள் வரவேண்டும். கோல் ஊன்றுங்கள், யார் தோளையாவது பிடித்துக்கொள்ளுங்கள், எப்படியோ வாருங்கள். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருக்க வேண்டும், உட்கார்ந்திருக்கக் கூடாது. நிற்கிற ஆளாக உங்களைப் பார்த்தால்தான் பெட்டியிலிருந்து இறங்குவேன். இல்லையென்றால் திரும்பிப் போகும் வண்டி ஒன்றரை மணிக்கு இருக்கிறது, விசாரித்துவிட்டேன்.

நாகு